வல்லம் ரோட்டுச் செங்கமலம்

வலது கையை முழுசாக நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள் செங்கமலம். அவளுக்குத் தெரிந்த சிக்னல் அவ்வளவுதான். வல்லம் பிரிவில் ரோட்டின் நடுத்திட்டு உடைந்து கிடக்கிற இடத்தில், எக்ஸெல் வண்டியின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் தொங்க, கால் வைக்கிற இடத்தில் இன்னொரு கேன் நிற்க, அந்தக் கையை நீட்டிக்கொண்டே ரோட்டைக் கடப்பாள். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு வரும் நீள லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வருவான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"நில்லுய்யா. இது எங்க நெலம். எங்க நெலத்துல நான் போய்க்கினு கீறேன். நீதான் வழி கேட்டு வந்தவன்."

அவள் சொல்வது லாரிக்காரனுக்குக் கேட்காது. ஆனால் லாரி நிற்கும்.

ஒரு நாள் காலையில் அந்தக் கைக்கு நின்றது ஒரு கம்பெனி பஸ். டிரைவர் அடித்த பிரேக்கில் உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் முன் சீட்டில் மோதிக்கொண்டார்கள். "ஏய் கெழவி, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று டிரைவர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த கலைமதி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'பொன்னியம்மா, பொன்னியம்மா' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவியின் ஒரே மகள் அவள்.

செங்கமலம் காலமாகி, வருகிற தை வந்தால் ஒரு வருஷம். அந்தப் பிரிவு நெருங்கும்போது கலைமதி இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறாள். திறந்து பார்த்தால் நடுத்திட்டில் யாரும் இருப்பதில்லை. அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அம்மாவும் மகளும் இரண்டு விதம். பயம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததென்றால் அதை முழுக்க கலைமதிதான் எடுத்துக்கொண்டாள். செங்கமலத்துக்கு மிச்சம் வைக்கவில்லை. கலைமதி நாலாவது படிக்கும்போது அப்பா தசரதன் மஞ்சள் காமாலையில் போனார். காரியம் முடிந்ததும் பங்காளிகள் கூடி, ஒண்டிப் பொம்பளை தனியாக இருக்க வேண்டாம், மூத்தவர் வீட்டோடு வந்து இருக்கட்டும் என்று முடிவு பண்ணினார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த செங்கமலம் எழுந்து புடவையை உதறினாள். "எல்லாரும் சாப்ட்டாச்சு இல்ல? கெளம்புங்க. என் வூட்டு அடுப்ப நான் பத்த வெச்சிக்கறேன்" என்றாள். அன்றைக்கு ராத்திரி அம்மா குறட்டை விட்டுத் தூங்கியதும், தான் மட்டும் கதவுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு விழித்திருந்ததும் கலைமதிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது ஊரில் பலர் புது பைக்கும் நகையுமாகத் திரிந்தார்கள். செங்கமலம் நிலத்துக்கு வந்த பணத்தில் வீட்டை ஒட்டி வரிசையாக ரூம் கட்டினாள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் குடி வந்தார்கள். அவர்கள் அவளை ஆச்சி என்றார்கள். "ஆச்சியா? நான் இன்னா ஓட்டு வாங்கி ஜெயிச்சா வந்தேன், ஆட்சின்றீங்க?" என்று அவள் கேட்டது அங்கே பல காலம் சிரிப்பாக ஓடியது.

அப்படிக் குடிவந்தவர்களில் ஒருவன் நம்பிராஜன். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். சாயங்காலமானால் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசுவான். செங்கமலம் சில மாதம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவன் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்று, "யோவ் நம்பிராஜா, எம் பொண்ண கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டாள். அவன் கையிலிருந்த வாளி விழுந்து சோப்புத் தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது. என்ன ஊரோ, என்ன சாதியோ என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். "சொந்தத்துல கட்டிக் குடுத்தவளுங்க எல்லாம் வானத்துலயா பறக்குறாளுங்க?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாள். பிறகு மகளிடம் வந்தாள்.

"புடிச்சிருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லு. பயமா கீதுன்னு சொல்லாத. உனுக்கு எல்லாத்துக்கும்தான் பயமா கீது."

கலைமதி புடிச்சிருக்கு என்றாள். பயமாகவும் இருந்தது.

பேத்தி கவிப்பிரியா பிறந்தபின் நம்பிராஜனும் கலைமதியும் மணிமங்கலத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். "உன் வூட்டுக்கு விருந்தாளியா வரேன். குடித்தனக்காரியா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் அவள் எக்ஸெல் வண்டி வாங்கியது அந்தச் சமயத்தில்தான். எங்கே ஓட்டிப் பழகுவது என்ற கேள்வியே வரவில்லை. அவர்களுடைய நெல் வயல் இருந்த இடத்தில் தொழிற்பேட்டைக்காக அகலமாகத் தார் ரோடு போட்டு, விளக்குக் கம்பமும் நட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு கம்பெனியும் வந்திருக்கவில்லை. ஆடு மாடு மட்டும் நடக்கிற அந்த ரோட்டில் மருமகன் பின்னாலேயே ஓடிவர, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கமலம் வண்டி பழகினாள். "நம்ம களத்துமேட்டுல ரோடு போட்டுக்கீறானுங்க. நான் பழகறதுக்குன்னே போட்டாப்ல கீது." இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் அலறியது கலைமதி.

போர்த் தண்ணீர் மஞ்சளடித்துப்போய் எல்லா ரூமிலும் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்ததும், அந்த வண்டியே அவளுக்குத் தொழிலாயிற்று. ஓரகடம் பக்கத்துத் தண்ணீர் பிளான்ட்டிலிருந்து கேன் எடுத்துவந்து ரூம் ரூமாகப் போடுவாள். புடவைக்கு மேல் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் போட்ட பழைய முழுக்கைச் சட்டை. மருமகன் வாங்கிக் கொடுத்த ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கும். அதற்குள் முட்டை இருக்கும், அல்லது கீரைக்கட்டு. ஒருமுறை போலீஸ்காரர் நிறுத்தி, ஹெல்மெட்டைத் தலையில் போடம்மா என்றதற்கு, "தலையில போட்டா முட்டய எங்க சார் வெக்கறது?" என்று கேட்டிருக்கிறாள். ஆளில்லாத தெருமுனையிலும் ஹாரன் அடிப்பாள். சிவப்பு விளக்கில் மட்டும் நிற்கமாட்டாள். "அது பெரிய வண்டிக்குப் போட்டது."

பேத்திக்கு அவள் ஆயா. சின்ன வயதில் கவிப்பிரியாவைக் கேன் வைக்கிற இடத்தில் நிற்க வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் விடுவாள். அந்தப் பெண் பெரியவளானபோது உறவுக்காரர்கள் மண்டபம், பேனர் என்று பேசத் தொடங்கினார்கள். செங்கமலம் பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "உனுக்கு இதெல்லாம் வேணுமாடி?" என்று கேட்டாள். "வேணாம் ஆயா" என்றது பெண். செங்கமலம் கூடத்துக்கு வந்து, "புள்ள வேணாங்குது. பேனர் வெக்கணும்னு ஆசப்படறவன் அவன் மூஞ்சப் போட்டு வெச்சிக்கட்டும்" என்று அறிவித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

இதெல்லாம் இப்போது சொல்லும்போது சிரிப்பாக வருகிறது. அன்றன்றைக்கு கலைமதி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், காருக்கான ஒயர்களைப் பின்னிக் கட்டுகிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. லைனுக்குப் போகுமுன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ பிரேக் மணி அடித்ததும் மற்றவர்கள் கேன்டீனுக்கு ஓடுவார்கள். அவள் லாக்கருக்கு ஓடுவாள். அம்மாவிடமிருந்து போன் எதுவும் வந்திருக்காது. வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் போனை மறுபடி லாக்கரில் வைப்பாள். ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். வல்லம் பக்கத்திலிருந்து இல்லை என்றால்தான் கை மறுபடி ஒயரைத் தொடும்.

"வூட்டுக்கு வந்ததும் ஒரு போன் பண்ணி, போய்ச் சேர்ந்துட்டேன்னு சொன்னா என்னம்மா?" என்று ஒரு தடவை கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

"போய்ச் சேர்ந்துட்டா எப்டிடி போன் பண்றது?" என்றாள் செங்கமலம்.

ஒரு தீபாவளியன்றுதான் அது தெரிந்தது. மணிமங்கலத்து வீட்டில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கலைமதி அம்மாவுக்குக் காப்பி கொண்டுவந்து இடது கைப்பக்கம் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி எங்கடி?" என்று அம்மா கேட்டாள். டம்ளர் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது. கலைமதி வடைத் தட்டை எடுத்து அம்மாவின் வலப்பக்கம் வைத்தாள். கை நேராக வடைக்குப் போனது. தட்டை மெதுவாக இடப்பக்கம் மாற்றினாள். அம்மாவின் கை தரையைத் தடவியது.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிப் பார்த்தார். இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார். பிறகு கலைமதியைப் பார்த்துப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது, போனது திரும்பாது, இன்னொரு கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும் சொட்டு மருந்து விடவேண்டும்.

"வண்டி கிண்டி ஓட்டக்கூடாது பாட்டி" என்றார் கடைசியில்.

"செரிம்மா" என்றாள் செங்கமலம். அவ்வளவு சுலபத்தில் அவள் சரி என்றதுதான் கலைமதியை இன்னும் பயமுறுத்தியது.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள். "எத்தன நாளாம்மா இப்டி?"

"ஒரு வருசம் இருக்கும். எடது பக்கம் கொஞ்சம் மப்பாத்தான் கீது."

"ஒரு வருசமா! அப்புறம் எப்டிம்மா ரோட்ல..."

"வலது பக்கம் கண்ணு பாத்துக்கும். எடது பக்கம் சத்தத்த வெச்சே போயிடுவேன். இவ்ளோ பெரிய லாரி சத்தம் இல்லாமயா வரும்?"

கலைமதி அங்கேயே பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து தான் பார்த்த ஒவ்வொரு காலையும் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. ரோட்டின் முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து வரும். அதற்குத்தான் கை. இரண்டாவது பாதியில் இடப்பக்கத்திலிருந்து வரும். அந்தப் பாதியை அம்மா ஒரு வருஷமாகக் காதால் கடந்திருக்கிறாள்.

அன்றைக்கு வல்லத்து வீட்டுக்குப் போனதும் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே குரல் வந்தது.

"சாவிய வெச்சிட்டுப் போ."

"வெக்கமாட்டேன்."

"மதி, வெளயாடாத. நாளைக்குக் காலைல ரூம் பசங்களுக்குத் தண்ணி போடணும்."

"வேற யாராச்சும் போடட்டும். நீ மணிமங்கலம் வா. கவி தனியாத்தான் இருக்கா."

"நான் உன் வூட்டுக்கு வந்து உன் மூஞ்சப் பாத்துகினு ஒக்காந்துகினு இருக்கணும். நீ என் மூஞ்சப் பாத்துகினு பயந்துகினு இருப்ப. அதானே?"

"செத்துட்டன்னா இன்னாம்மா பண்றது?" என்று கத்திவிட்டாள் கலைமதி. அம்மாவிடம் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. செங்கமலம் முற்றத்தில் நின்ற வண்டியின் சீட்டைத் தன் முந்தானையால் துடைத்தாள். மகள் கிளம்பிப் போகும் வரைக்கும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு வாரம் அம்மா போனை எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறாள், கோபமாவது வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்று கலைமதி மனதைத் தேற்றிக்கொண்டாள். இசக்கிபாண்டி போன் பண்ணும் வரைக்கும்தான் அந்த ஆறுதல். செங்கமலத்தின் ரூம் ஒன்றில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கும் சங்கரன்கோவில்காரன் அவன்.

"யக்கா, ஆச்சி வண்டிய தள்ளிக்கிட்டு வாராவ."

"என்னப்பா சொல்ற?"

"கேனக் கட்டி வச்சிக்கிட்டு, வண்டிய ஓட்டாம, மெயின் ரோட்டுலயே தள்ளிக்கிட்டு வாராவக்கா. நாங்க வந்து எடுத்துக்கிடுதோம்னு சொன்னா வையுதாவ."

கலைமதி அன்றைக்கே பர்மிஷன் போட்டுவிட்டுப் போனாள். செங்கமலம் சர்வீஸ் ரோட்டில், ஓரமாக நின்ற லாரிகளுக்கும் ஓடிக்கொண்டிருந்த லாரிகளுக்கும் நடுவில், மூச்சு வாங்க எக்ஸெல்லைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா ஓட்டக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. தள்ளக்கூடாதுன்னு சொல்லலியே."

ஓட்டினால் ஒரு நொடியில் கடந்துவிடுகிற ரோட்டை, தள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு நேரம் கடக்க வேண்டும்? சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட கலைமதிக்குத் தோன்றியது. தான் செய்த காரியம் அம்மாவைக் காப்பாற்றுகிறதா, ஆபத்துக்கு இன்னும் பக்கத்தில் தள்ளிவிடுகிறதா என்று புரியவில்லை. நம்பிராஜன் போய்ப் பேசிப் பார்த்தான். "அத்த, உங்க பொண்ணு தூங்கவே மாட்டேங்கா" என்றான். "அவ எப்பய்யா தூங்கினா?" என்று செங்கமலம் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

கார்த்திகை மாதத்து மழை. விடிந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது பத்து மணிக்கு மேல் வெளுத்து வாங்கியது. டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்த கலைமதி, போனில் இசக்கிபாண்டியின் பெயரை வரிசையாகப் பார்த்தாள். எல்லாம் எடுக்காமல் விட்ட அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள். சுவிட்ச் ஆஃப். அம்மாவைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இன்னொரு தடவை. அதே குரல், அதே நிதானம்.

சூப்பர்வைசர் அருள்பாண்டி, "அக்கா, இன்னிக்கு லைன்ல பாதிப் பேர் வரல. ஷிப்ட் முடியட்டுமே, பஸ்லயே போயிடலாமே" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் அவள் தன் கம்பெனிக் கோட்டைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டாள். கேட் வரைக்கும் குடை இல்லாமல் ஓடினாள். ஷேர் ஆட்டோ கிடைத்தது. வழியெல்லாம் தண்ணீர். ஆட்டோக்காரர் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கலைமதியின் வாயில் சாமி பெயர்கூட வரவில்லை.

வல்லம் பிரிவுக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டோரக் கால்வாயில் எக்ஸெல் வண்டி கிடந்தது. முன் சக்கரம் வளைந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கேன் நசுங்கிக் கிடந்தது. இன்னொன்று மழைத் தண்ணீரில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி மிதந்தது.

ஆட்டோவிலிருந்து இறங்கியதே கலைமதிக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் நின்றிருந்த டிரெய்லர் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சக்கரங்களுக்கு நடுவில் பார்த்தாள். எதிரே இருந்த கம்பெனி கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஒருவர் குடையோடு வந்தார்.

"தண்ணி கேன் அம்மாவா? பசங்க தூக்கிகினு போயிட்டாங்கம்மா."

தூக்கிக்கொண்டு. எப்படித் தூக்கிக்கொண்டு? எந்தப் பக்கம் என்று கையால் கேட்டாள். அவர் ரூம்கள் இருக்கும் தெருவைக் காட்டினார். முழங்கால் தண்ணீரில் அவள் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. தெருமுனை திரும்பினால் வாசலில் கூட்டம் நிற்கும் என்று நினைத்தாள். கூட்டம் நின்றால் என்ன செய்வது, நிற்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நினைத்தாள். வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

இசக்கிபாண்டியின் ரூமில், தரையில் விரித்த பாயில், யாருடைய டீ சர்ட்டையோ தலையில் சுற்றிக்கொண்டு செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்து மஞ்சள் அப்பியிருந்தது. கையில் கடுங்காப்பி. இசக்கிபாண்டி உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தான்.

"ஷிப்ட்ட வுட்டுட்டு இன்னாத்துக்குடி வந்த?" என்றாள் செங்கமலம்.

கலைமதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நடந்ததை இசக்கிபாண்டிதான் சொன்னான். நைட் ஷிப்ட் முடிந்து, ஓவர்டைம் பார்த்துவிட்டு நடந்து வந்தவன், மழையில் ஆச்சி வண்டி தள்ளுவதைப் பார்த்து கலைமதிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டிருக்கிறான். டிரெய்லர் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. ஆச்சி அதற்கு இடம் விடாமல், அது இருக்கிறதே தெரியாத மாதிரி, நேராக அதன் பாதையில் தள்ளிக்கொண்டு போகிறாள். "நான் கத்துதேன், கேக்கல்ல. ஓடிப்போயி சேலயப் புடிச்சு இழுத்துட்டேன்க்கா. ரெண்டு பேருமா சரள்ல விழுந்தோம். வண்டிய அது தட்டி விட்டுட்டுது." இரண்டு பேருடைய போனும் தண்ணீருக்குள் போய்விட்டன.

"டிரைவரு ஹாரன் அடிக்கலியா?" என்று கேட்டாள் கலைமதி.

"அடிச்சாம்லா."

செங்கமலம் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். அது பல்லில் இடித்தது. காப்பி விளிம்பில் அலைந்து புடவையில் கொட்டியது. அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, தன் கைகளை யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். அம்மாவின் கை நடுங்கி கலைமதி அதுவரை பார்த்ததில்லை.

"சத்தம் வரல மதி" என்றாள் செங்கமலம். "மழ சத்தத்துல அந்தச் சத்தம் எனுக்கு வரவேயில்ல."

கலைமதி தவழ்ந்து போய் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் செங்கமலம், "வண்டிய வித்துடு" என்றாள். கலைமதி இத்தனை நாள் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்டதும் அவளுக்கு வந்தது நிம்மதி இல்லை. அம்மா வல்லத்து வீட்டு வாசற்படியில் தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியே ஒரு வாரம் போனது. ரோட்டில் போகிற அம்மாவுக்காகப் பயந்த கலைமதி, இப்போது உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பார்த்துப் பயந்தாள்.

நம்பிராஜன் வண்டியின் முன் சக்கரத்தை மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கலைமதி சாவியை எடுத்தாள்.

"நான் ஓட்டறேம்மா. நீ பின்னால ஒக்காரு."

"நீயா?" செங்கமலம் பல நாளுக்குப் பிறகு முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். "பஸ்ஸுல ஒக்காந்தே கண்ண மூடிக்கிறவ நீ."

"மூடிக்கினே கத்துக்கினேன். ஒரு வாரமா சாயங்காலம் இவரு சொல்லிக் குடுத்தாரு."

செங்கமலம் புடவையைச் செருகிக்கொண்டு, ஆம்பிளைகள் மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை அணைந்தது. மெயின் ரோட்டின் வாயில் வந்ததும் கலைமதி இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். கன்டெய்னர் லாரி ஒன்று காற்றை அடித்துக்கொண்டு போனது. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரைட்டு நான் பாத்துக்கறேன். லெப்ட்டு நீ பாரு. பயப்படறதுன்னா லெப்ட்டுக்கு மட்டும் பயப்படு."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஓரகடம் சந்தைக்கு, மணிமங்கலத்துக் கோயிலுக்கு, சில நாள் எங்கே என்று இல்லாமல் சும்மாவும். பின்னால் உட்கார்ந்தபடி செங்கமலம் "வா, வா, வா, நில்லு, ஐயோ போடி" என்று கத்திக்கொண்டே வருவாள். கேன் வியாபாரத்தையும் விடவில்லை. பிளான்ட் வண்டி அவள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகும். பையன்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். முட்டி வலி என்று எவனாவது முனகினால் அன்றைக்கு அவன் செத்தான்.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ரோட்டையே பார்த்துப் பயந்துகொண்டிருந்த கலைமதிக்கு, ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தும் வரலாம் என்று தோன்றவே இல்லை. அம்மாவின் பாதம் வீங்கியது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாவுது இல்ல?" என்றாள். ஒரு நாள் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தே இருந்தவளை, அங்கே வந்திருந்த கவிப்பிரியாதான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிக் கூட்டிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டில் சேர்த்தாள். இருதயம் பலவீனமாகிவிட்டது, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள்.

இசக்கிபாண்டி ஷிப்ட் முடிந்து, ஆஸ்பத்திரித் தண்ணீர் ஆச்சிக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கேனைத் தோளில் சுமந்து இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தான். அவன் மூச்சிரைப்பதைப் பார்த்து, ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "இப்ப தெரிதா, கேன் தூக்கி என் முட்டி பட்ட பாடு?" என்று கேட்டாள் செங்கமலம். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் மறைந்தது அதற்கு மறுநாளுக்கு மறுநாள்.

இடையில் இருந்த அந்த ஒரு பகல்தான் கலைமதிக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. மத்தியான நேரம். வார்டில் வெயில் தரை வரைக்கும் வந்திருந்தது. கலைமதி நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தாள். சலைன் சொட்டுகிறதா என்று பார்த்தாள். வேகமாகச் சொட்டுகிறதோ என்று நர்ஸிடம் கேட்டாள். இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியில் ஓடிய பச்சைக் கோடு கொஞ்சம் குதித்தாலும் ஓடிப் போய் யாரையாவது கூட்டிவந்தாள். நர்ஸ், "ஒண்ணும் இல்லக்கா, உக்காருங்க" என்று அலுத்துக்கொண்டு போனாள். உட்கார அங்கே நாற்காலி எதுவும் இல்லை. அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, அதற்கேற்றபடி தானும் மூச்சு விட்டுக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

செங்கமலம் விழித்துத்தான் இருந்தாள். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சலைன் ஏறிக்கொண்டிருந்த கையை ஊன்றி, மூச்சு இரைக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தாள். கட்டிலில் பாதி இடம் காலியானது. கசங்கியிருந்த விரிப்பை நீவிவிட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள்.